எழுத்தாணியும் பிரசங்க பீடமும்: தமிழில் பிரசங்கம் கற்றோர் வரலாறு

கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் துணைத் தலைவராக இருந்த கிளாடியஸ் புக்கனன் என்னும் ஸ்காட்லாந்துக் குருவானவர் 1806ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பயணம் செய்தார். அப்பயணத்தில் தஞ்சாவூர் ஆலயத்தில் நடைபெற்ற தமிழ் ஆராதனையொன்றில் அவர் கலந்துகொண்டார். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது சபையாரில் பலர் பனையோலையும் எழுத்தாணியுமாக அமர்ந்து, பிரசங்கியாரின் சொற்களைச் சுருக்கெழுத்தில் பதிந்துகொண்டிருந்ததை அவர் கண்டார். பிரசங்கியார் சற்றே நிதானமாகப் பேசினால் தேர்ந்த உபதேசிமாரும் மூத்த மாணவர்களும் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. காலையில் நிகழ்ந்த பிரசங்கத்தை உபதேசியார் மாலையில் தம் ஓலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த மிஷனின் பழைய விதி என்பதையும் அவர் பதிவு செய்தார். 1811இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

தமிழ்க் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இக்காட்சியைத் தமிழரின் எழுத்துத் திறனுக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். ஆனால் அந்த ஓலைகளில் இறையியல் கல்வி வரலாற்றின் முக்கியமான உண்மையொன்று பொதிந்திருக்கிறது. பிரசங்கம் செய்வதற்கான பாடநூல்கள் தமிழில் பெருகுவதற்கு முன்பே அக்கலை கேட்டு, எழுதி, திரும்ப வாசித்து, பின்னர் சொந்தச் சொல்லில் பேசிப் பழகும் முறையில் கற்கப்பட்டு வந்தது. அவ்வாறு கற்றவர்கள் உபதேசிமார் என்னும் இடைநிலை ஊழியர்கள். இன்று டெல்லி கரோல் பாக்கிலோ மும்பையிலோ வாழும் ஒரு தமிழ்க் கிறித்தவர், ஆயர் வர இயலாத ஞாயிற்றுக்கிழமையில் சபையின் முன் எழுந்து நின்று பேச நேர்ந்தால், அவர் கையிலுள்ள குறிப்புத்தாளின் முன்னோடி அந்தப் பனையோலையே. அந்தக் கலையை யார் யாருக்குக் கற்பித்தனர், கற்ற பின்னர் பேசும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்னும் இரு வினாக்களும் இவ்வரலாற்றில் பிரிக்க இயலாதவை.

தொடக்கம் கத்தோலிக்க மறைப்பணியில் உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் செபங்களையும் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, அவர்களும் மனப்பாடமாகச் சொல்லும்படி செய்தார். பேசுபவரும் கேட்பவரும் ஒரே வாசகத்தைத் திரும்பச் சொன்ன அந்நிலையில் விளக்கவுரைக்கு இடம் மிகக் குறைவு. அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலையும், 1586இல் 'அடியார் வரலாறு' நூலையும் அச்சேற்றினார். பின்னது சபையில் உரக்க வாசிக்கத்தக்க நீண்ட உரைநடை நூல். குருவானவர் இல்லாத கடலோர ஊர்களில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் சூழலை இத்தகைய நூல்கள் உருவாக்கின.

வீரமாமுனிவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' இத்தொடரில் தனியிடம் பெறுவது. இதில் வேதியர் என்னும் சொல் உபதேசியாரைக் குறிக்கும். ஊருக்கு ஊர் சென்று போதிப்பவர் எவ்வாறு வாழ வேண்டும் என்பதே அந்நூலின் மையம். நாவன்மையைவிட வாழ்வு முதலில் பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிற்காலப் பிரசங்கக் கலை நூல்கள் பலவும் பிரசங்கியாரின் ஒழுக்கத்தைப் பற்றிய பகுதியோடு தொடங்குவதை அறிந்தோர், அந்தச் சிந்தனை பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழ் உரைநடையில் நிலைபெற்றிருந்ததை உணர்வர்.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அங்கு முதலில் கற்கத் தொடங்கியவர் பிரசங்கியாரே. சீகன்பால்கு தமிழ்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். போர்த்துக்கீசியம் அறிந்த அழகப்பன் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் பேச்சுத்தமிழ் ஆசிரியராகவும் இருந்தார். எழுத்தரையும் புலவரையும் அருகில் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடிகளைப் பல மணி நேரம் வாசித்தார். 1708இல் தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணையொன்றையும் தயாரித்தார். சைவ, வைணவ, சமண நூல்களில் பயிலும் சொற்களையும் தொடர்களையும் அறியாமல் தமிழில் பிரசங்கிக்க இயலாது என்பதை அவர் விரைவிலேயே புரிந்துகொண்டார்.

சீகன்பால்கு தம்முடன் கொண்டுவந்தது ஹாலே நகரின் பயிற்சி. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் பக்தி இயக்கத்தில் பிரசங்கம் என்பது புலமையைக் காட்டும் மேடையாக இருக்கவில்லை. வேதவாக்கியத்தை எடுத்துரைத்து, அதன் பொருளைத் தெளிவுபடுத்தி, கேட்பவரின் மனத்தில் அதைப் பொருத்துவதே அதன் நோக்கம். பிரசங்கத்துக்குப் பின் கேள்வி பதில் முறையில் சபையாரைச் சோதிப்பதும் அதன் பகுதி. தரங்கம்பாடியில் 1716இல் தொடங்கப்பட்ட சிறு பயிற்சிப் பள்ளி இம்முறையில் உள்ளூர் ஊழியரை உருவாக்க முயன்றது. பயின்றவர்கள் வேதபாடத்தை வினா விடையாகக் கற்றனர். மிஷனரியோடு ஊர்களுக்குச் சென்று அவர் பேசுவதைக் கேட்டனர். பிறகு தாமே சென்று பேசினர். யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம் என்பதைத் திரும்பி வந்து அறிவித்தனர். இவ்வறிக்கைகளின் பகுதிகள் ஜெர்மனியில் ஹாலே அறிக்கைகள் என்னும் தொடரில் அச்சாகின. தன் பேச்சைப் பின்னோக்கிப் பார்த்து எழுதும் இவ்வழக்கம், இக்கால இறையியல் கல்லூரிகளில் நடைபெறும் பிரசங்க மதிப்பீட்டு வகுப்புக்கு ஏறக்குறைய ஒப்பானது.

இம்முறை தமிழுக்கு ஏன் புதிது என்பதையும் நோக்க வேண்டும். தமிழகத்தில் சமயப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கோயில் மண்டபங்களிலும் மடங்களிலும் புராணம் படித்துப் பயன் சொல்லும் மரபு இருந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பொருள் கூறுவார். அங்கே செய்யுளே ஆதாரம். உரை அதைத் தொடர்ந்து செல்லும். புதிய பிரசங்கத்திலோ ஒரு சிறு வசனம் தொடக்கமாக மட்டுமே அமைந்தது. அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்து, அதைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரைநடையில் விளக்கி, இறுதியில் கேட்பவரை நேரே நோக்கி ஒரு முடிவுக்கு அழைக்க வேண்டும். எழுத்தறியாதவரும் பெண்களும் சிறுவரும் பல சாதியினரும் கலந்த கூட்டத்துக்கு அது புரிய வேண்டும். செய்யுளின் துணையின்றி, உரைநடையின் ஓட்டத்தால் மட்டும் ஒரு கூட்டத்தை அரை மணி நேரம் தாங்கிப் பிடிப்பது எவ்வாறு என்பதே உபதேசிமார் கற்க வேண்டியிருந்த கடினமான பாடம்.

சொற்தேர்வும் அப்பாடத்தின் பகுதியே. இறைவனைக் குறிக்கக் கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பில் பராபரன் என்னும் சொல் ஆளப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன் என்னும் சொல் நிலைபெற்றது. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு சமய நினைவைக் கேட்பவரிடம் எழுப்பியது. மிஷனரி தேர்ந்தெடுத்த சொல் ஊர்த் தெருவில் என்ன பொருளில் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதை முதலில் அறிந்தவர் உபதேசியார்தாம். ஆகவே அவர் வெறும் மாணவராக இருக்க முடியவில்லை. மிஷனரிக்குச் சொல்லின் எடையைக் கற்பித்தவரும் அவரே.

இவ்வளவு கற்றவர்களுக்குப் பேசும் உரிமை எவ்வாறு பங்கிடப்பட்டது? இங்கேதான் இவ்வரலாறு கசப்படைகிறது. கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம், திருமுழுக்குப் பெற்று ஆரோன் எனப்பட்டார். அவர் 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் முதல் உள்நாட்டுப் போதகர் அவரே. அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரும் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான வேத நூலைத் தாமே வாசித்து மிஷனை நாடி வந்தவர். எதிர்ப்புகளுக்கிடையே தஞ்சைப் பகுதியில் பல்லாண்டுகள் போதித்தவர். அடுத்த குருப்பட்டம் யாருக்கு என்னும் பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் முன்வைக்கப்பட்டது. ஆயினும் அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற மற்றச் சாதியார் உடன்படமாட்டார்கள் என்னும் காரணத்தால் அவர் விலக்கப்பட்டு, 1741இல் தியோகுவுக்கே பட்டம் அளிக்கப்பட்டது.

இம்முடிவின் பொருள் ஆழமானது. இராஜநாயக்கனின் சொல் ஏற்கப்பட்டது, கை மறுக்கப்பட்டது. அவர் பிரசங்கிக்கலாம், அப்பத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேச்சும் தொடுகையும் பிரிக்கப்பட்ட இந்த இடத்தில் பிரசங்கக் கலை ஒருவகை விடுதலையாகவும் ஒருவகைச் சிறையாகவும் ஒருசேர அமைந்தது. தாழ்த்தப்பட்டோர் பொதுவெளியில் வேதநூலை விளக்கும் உரிமையை இப்பயிற்சி வழங்கியது. ஆனால் உபதேசியார் என்னும் பதவியோடு அவ்வுரிமை முடிந்துவிடும்படி ஓர் எல்லையும் வகுக்கப்பட்டது. திருச்சபை வரலாறுகளில் குருப்பட்டம் பெற்றோரின் வரிசை தெளிவாகக் கிடைப்பதற்கும், உபதேசிமாரின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காமல் போனதற்கும் இந்த எல்லையும் ஒரு காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிரசங்கியார் ஒருவரின் குரல் நமக்குக் கிடைக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. சுவார்ச்சு ஐயரின் உதவியாளரான சத்தியநாதன் 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று, அன்று தமிழில் பிரசங்கித்தார். அப்பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தால் 1792இல் இலண்டனில் அச்சிடப்பட்டது. தமிழர் ஒருவர் இவ்வளவு தெளிவாகப் போதிக்க வல்லவர் என்பதை இங்கிலாந்தின் நன்கொடையாளருக்குக் காட்டுவதும் அவ்வெளியீட்டின் நோக்கம். தமிழ்ச் சபைக்காகப் பேசப்பட்ட உரை ஆங்கில வாசகருக்கான சான்றாக மாறியது. தஞ்சாவூரின் ஓலைகளில் எழுதப்பட்டு மாலையில் பிள்ளைகளுக்கு வாசிக்கப்பட்ட எண்ணற்ற பிரசங்கங்களுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

பிரசங்கத்தின் வடிவம் பற்றிய விவாதமும் தஞ்சாவூரில்தான் கூர்மையடைந்தது. சுவார்ச்சு ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் வேதச் செய்தியைக் கீர்த்தனையாகவும் குறவஞ்சியாகவும் பாடி விளக்கினார். கதாகாலட்சேபத்தின் சாயல் கொண்ட அவருடைய நிகழ்ச்சிகளில் பாட்டே போதனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வந்த இளைய மிஷனரிகளுக்கும் அவருக்கும் இடையே வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களின் இடம் குறித்தும் சாதி வழக்கங்கள் குறித்தும் கடும் பூசல் எழுந்தது. சாதி பற்றிய நிலைப்பாட்டில் சாஸ்திரியார் பழமையின் பக்கம் நின்றார். இசை பற்றிய நிலைப்பாட்டில் காலம் அவர் பக்கம் நின்றது. அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. உரைநடைப் பிரசங்கம் வென்றது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி, பாட்டு அதன் அருகிலேயே தொடர்ந்து வாழ்ந்தது.

திருநெல்வேலியில் நிலைமை அளவால் மாறியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் காலத்திலும் அதன் பின்னரும் ஊர் ஊராக மக்கள் திருச்சபையில் சேர்ந்தனர். மிஷனரிகள் சிலர், சபைகளோ நூற்றுக்கணக்கில். ஆகவே ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் உபதேசிமாரே. அவர்கள் குறித்த நாள்களில் மிஷன் நிலையத்தில் கூடி, வேதபாடம் கற்று, வரவிருக்கும் ஞாயிற்றுக்கான கருத்தைப் பெற்று ஊர் திரும்பினர். சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய கல்விக்கூடமும், இடையன்குடியில் கால்டுவெல் மேற்கொண்ட பயிற்சியும் இத்தேவையிலிருந்தே பிறந்தன. பிரசங்கத்தின் இடையிலும் முடிவிலும் சபையாரைக் கேள்வி கேட்டுப் பதில் பெறும் பழக்கம் இங்கு வேரூன்றியது. பதில் சொல்லத் தெரியாத சபை, பிரசங்கியாரின் தோல்வியைக் காட்டும் கண்ணாடி. பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த அப்பகுதியில், பதநீர் தந்த மரமே பிரசங்கக் குறிப்புக்கான ஓலையையும் தந்தது.

இக்கலை திருச்சபையின் சுவருக்குள் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் உடனிருந்தார். மெதடிஸ்டுப் பிரசங்கத்தின் அமைப்பையும் ஆற்றலையும் உள்ளிருந்தே கண்டவர் அவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த பொருளில், உரைநடையில், பொதுமக்களை நோக்கி நிகழ்த்தப்பட்ட அத்தொடர் புராணம் படிக்கும் பழைய மரபிலிருந்து வேறுபட்டது. மறு ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தால் நாவலர் பட்டம் பெற்றார். நாவன்மைக்குரிய பட்டம் அவருக்குக் கிடைத்தது இவ்விடத்தில் தற்செயலாகத் தோன்றவில்லை. டென்னிஸ் ஹட்சன் போன்ற ஆய்வாளர் இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இதை மேலும் விரித்தார். அவர் மறைந்தபின் 2021இல் வெளிவந்த அவருடைய நூல், புராட்டஸ்டண்ட் பிரசங்கத்திலிருந்து சைவப் பிரசங்கம், சுதேசி இயக்க மேடைப் பேச்சு என நீளும் ஒரு கோட்டை வரைகிறது. அரசியல் செய்தியைப் பாமர மக்களை நோக்கித் தமிழில் பேசலாம் என்னும் எண்ணமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வலுப்பெற்றது என்பது அவர் வாதம். இக்கோட்டை ஒற்றை மூலமாகக் கொள்வது மிகையாகும். கதாகாலட்சேபமும் நாடக மேடையும் அச்சு ஊடகமும் தத்தம் பங்கை ஆற்றின. எனினும் பொதுமக்கள் முன் நின்று உரைநடையில் வாதித்து முடிவுக்கு அழைக்கும் பயிற்சி ஊர்தோறும் முதலில் நடந்த இடங்களுள் சிற்றாலயங்களும் அடங்கும் என்பதை மறுக்க இயலாது. அப்பயிற்சியை அன்றாடம் நடத்தியவர்கள் உபதேசிமார். தமிழ் மேடைப் பேச்சின் வரலாறு எழுதப்படும்போது புகழ்பெற்ற நாவலர்களுக்கு முன்னால் இவர்களுக்கும் ஓர் இயல் தேவை.

அந்த இயலில் பெண்களுக்கும் இடமுண்டு. வேதப் பெண்கள் எனப்பட்ட ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதபாடம் வாசித்து விளக்கினர். அவர்கள் ஏறாதது பிரசங்க பீடம் மட்டுமே. வசனத்தை எடுத்து, பொருள் சொல்லி, வாழ்வோடு பொருத்தும் செயல் ஒன்றே. திண்ணையிலும் அடுக்களையிலும் நிகழ்ந்ததால் அது பிரசங்கம் என்று பெயர் பெறவில்லை. இராஜநாயக்கனுக்கு நேர்ந்தது வேறு வடிவில் இவர்களுக்கும் நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பயிற்சி நிறுவனமயமானது. 1910இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி தோன்றியது. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழி இறையியல் கல்விக்கு வலுவான களம் அமைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, மறையுரையைத் திருப்பலியின் பகுதியாகவே வலியுறுத்தியது. அரசரடியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்னும் பெயரில் நாட்டார் இசையையும் ஒடுக்கப்பட்டோர் பேச்சுமொழியையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பிரசங்கத் தமிழ் யாருடைய தமிழாக இருக்க வேண்டும் என்னும் அவருடைய வினா, தரங்கம்பாடியில் உபதேசிமார் மௌனமாக எதிர்கொண்ட வினாவேயாகும்.

இன்று பிரசங்கம் கற்பதற்கு நூல்களும் ஒலிப்பதிவுகளும் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கரோல் பாக்கில் வாழும் அந்தத் தமிழர் சனிக்கிழமை இரவில் கைப்பேசியைத் திறந்தால் ஆயத்தப் பிரசங்கம் ஒன்றை உடனே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரைப் பிரிந்து வந்து, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியுமாக வாழும் சபைக்கு எந்தச் சொல் எட்டும் என்பதை எந்த ஆயத்தப் பிரசங்கமும் அறியாது. அதைச் சபையின் நடுவே வாழ்பவரே அறிவார். உபதேசியாரின் தகுதியும் அதுவாகவே இருந்தது. தஞ்சாவூரின் பழைய விதி கேட்பவரின் ஓலையைப் பிரசங்கியாருக்குக் கண்காணிப்பாக வைத்தது. காலையில் சொன்னது மாலையில் ஒரு பிள்ளையின் முன் திரும்ப வாசிக்கப்படும் என்று அறிந்தவர் வெறும் சொற்களை வீசுவதில்லை. அந்த ஓலைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவற்றை எழுதியோரின் பெயர்களைத் திரட்டும் பணி மிஷன் ஆவணங்களுக்குள் இன்னும் காத்திருக்கிறது.